இடிக்குக் கைதட்டிய எஸ்தர் மிஸ்ஸி

ரப்பர் விலைத் தந்தி என்று நினைத்துத்தான் அதை உடைத்தேன். எங்கள் தோட்டத்து ஆபீசுக்கு வேறு தந்தி வருவது அபூர்வம். விலை ஏறியிருந்தால் துரை முகத்தில் கொஞ்சம் சிரிப்பு இருக்கும். இறங்கியிருந்தால் அன்றைக்கு நாங்கள் எல்லோரும் ஓசைப்படாமல் நடக்க வேண்டும். அந்தக் கவலையோடு பிரித்தேன். தைப்பிங்கிலிருந்து எஸ்தர் மிஸ்ஸியின் தம்பி கொடுத்திருந்தார். தம்பி வீட்டுக்குப் போயிருந்த மிஸ்ஸி காய்ச்சலில் காலமாகிவிட்டார், மறுநாள் அடக்கம் என்று இருந்தது. தந்தியை மேசைமேல் வைத்துவிட்டு வெளியே வந்து வானத்தைப் பார்த்தேன். எதற்குப் பார்த்தேன் என்று எனக்கே தெரியாது. பங்குனி மாதத்து வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. ஒரு துண்டு மேகம் இல்லை.

மிஸ்ஸியைத் தெரிந்தவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். மலாயாவில் பீடோருக்குப் பக்கத்தில், மலையடிவாரத்தில் இருக்கிற எங்கள் தோட்டத்து ஆஸ்பத்திரிக்குப் பிரசவம் பார்க்க வந்தவர் அவர். நான் கணக்கு எழுதும் ஆபீஸ் கிராணி, அதோடு மாரியம்மன் கோயில் திருவிழாக் கமிட்டிக்குச் செயலாளர். இதைப் படிக்கும் உங்களில் பலருடைய பிள்ளைகளை முதலில் கையில் வாங்கியவர் மிஸ்ஸிதான். அவருக்கு இருந்த கிறுக்கும் உங்களுக்குத் தெரியும். பங்குனி, சித்திரை, வைகாசி மாதங்களில் பகல் சாய்ந்ததும் மலையிலிருந்து இறங்கும் இடிமழை இருக்கிறதே, அது எங்கே கிளம்புகிறது, எப்படி வருகிறது, எதைப் பிய்த்துக்கொண்டு போகிறது என்று பார்ப்பதற்காகச் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஓடுவார். மழை வந்தால் நாம் வீட்டுக்குள் ஓடுவோம். அவர் எதிர்த்திசையில் போய்க்கொண்டிருப்பார். வழியில் நம்மைப் பார்த்துக் கையும் அசைப்பார்.

நான் அவரை முதலில் சந்தித்தது என் மேசைக்கு அடியிலிருந்து. எனக்கு இடி என்றால் பயம். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். மீசை வந்த பிறகாவது போகும் என்றார்கள், போகவில்லை. அன்றைக்கு ஆபீசில் யாரும் இல்லாத நேரம் பார்த்து இடி இடித்தது. நான் மேசைக்கடியில் புகுந்துகொண்டேன். கொய்னா என்கிற காய்ச்சல் மருந்துக்குச் சீட்டு வாங்க வந்த மிஸ்ஸி ஜன்னலோரம் நின்று கைதட்டிக்கொண்டிருந்தார். நாடகத்தில் ராஜபார்ட் வந்து நின்றால் தட்டுவார்களே, அப்படி.

"கீழ யாரு?" என்றார்.

"பேனா விழுந்துருச்சு மிஸ்ஸி."

"எத்தனை பேனா கிராணியாரே? இடி மேல இடியா இடிச்சாச்சு, இன்னும் தேடிக்கிட்டே இருக்கீங்க?"

வெளியே வந்து தூசியைத் தட்டிக்கொண்டேன். எதற்காகக் கைதட்டினீர்கள் என்று கேட்டேன். "மேல அவ்வளவு பாடுபட்டுச் செய்யிறாங்க, நாம ஒரு கை தட்டக் கூடாதா? சும்மா பயந்துகிட்டே இருந்தா அவங்களுக்கு மட்டும் என்ன சந்தோஷம்லா?" என்றார். சீட்டில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். அடுத்த இடிக்கு முன் முடித்துவிடும் அவசரத்தில் என் கையெழுத்து எனக்கே அடையாளம் தெரியவில்லை.

அவர் பிறந்து வளர்ந்தது தைப்பிங்கில். அந்த ஊரில் மழையை வைத்துப் பந்தயம் கட்டுவார்கள். காப்பிக்கடையில் உட்கார்ந்துகொண்டு, இன்றைக்கு நாலு மணி அடிப்பதற்குள் மழை வருமா வராதா என்று பெரிய மனிதர்களெல்லாம் மல்லுக்கட்டுவார்களாம். அதைக் கேட்டே வளர்ந்ததால் மிஸ்ஸிக்கும் மழையைச் சொல்லும் ஆசை. ஆனால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இறந்தவர் என்பதற்காக நான் பொய் எழுதினால் அவரே எழுந்து வந்து என்னைச் சும்மா விடமாட்டார். அவர் சொன்னதில் பாதி பலிக்காது. காலையில் சொன்ன மழை மாலையில் வரும், இன்றைக்குச் சொன்னது நாளைக்கு வரும். தொழிலாளர் லயத்துப் பெண்கள் காய்ந்த துணியை அள்ளி வைத்துவிட்டுக் காத்திருந்து, "எங்க மிஸ்ஸி உங்க மழை?" என்று சண்டைக்கு வருவார்கள். "மழை வரும்னுதான் சொன்னேன், எப்போன்னு சொன்னேனா?" என்பார். தோட்டம் முழுக்க இந்தப் பேச்சு ஒட்டிக்கொண்டது. கடைக்காரர் பாக்கி கேட்டால், மாப்பிள்ளை வீட்டார் சீர் கேட்டால், எல்லோருக்கும் இதே பதில்தான். தருவேன் என்றுதானே சொன்னேன், எப்போது என்று சொன்னேனா?

ஒரு நாள் என்னை வலுக்கட்டாயமாகத் தண்ணீர்த் தொட்டி மேட்டுக்கு இழுத்துப் போனார். எங்கள் தோட்டத்தில் உயரமான இடம் அதுதான். மலைக்கு நேர்மேலே வெள்ளைவெளேரென்று ஒரு மேகம் எழுந்து, உச்சியில் தட்டையாகப் பரந்து, கொல்லன் பட்டறைப் பட்டடைக்கல் போல் நின்றது. அதன் அடி மட்டும் மைக்கறுப்பு. "இப்ப ஒரு குளிர்ந்த காத்து வரும் பாருங்க" என்றார். வந்தது. பிறகு தூரத்தில் ரப்பர் மரங்களின் இலைகளெல்லாம் புரண்டு, அவற்றின் வெளிறிய அடிப்பக்கம் தெரிந்தது. அந்த வெளுப்பு வரிசை வரிசையாக எங்களை நோக்கி ஓடி வந்தது. அதற்குப் பின்னால் மழையின் இரைச்சல். நான் ஓடுவதற்குத் திரும்பினேன். அவர் என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டார். "ஓடாதீங்க கிராணியாரே. அது எவ்வளவு அழகா வருது, ஒரு தடவையாச்சும் கண்ணைத் திறந்து பாருங்க." பார்த்தேன். உண்மையில் அழகாகத்தான் இருந்தது. நனைந்து போய் வீட்டுக்கு வந்ததும் என் மனைவி கேட்ட கேள்விகளை இங்கே எழுத இடமில்லை.

இதெல்லாம் விளையாட்டாக இருந்தவரை சரி. ஒரு சித்திரை மாதம் அது விளையாட்டாக இல்லாமல் போனது.

எங்கள் கோயிலில் சித்திரைத் திருவிழாவுக்குத் தீமிதி உண்டு. ஆற்றிலிருந்து கரகம் வந்து சேர்ந்ததும், வெயில் சாயத் தொடங்கும் வேளையில் பூக்குழியில் கட்டைக்குத் தீ வைப்போம். கட்டை எரிந்து தணலாகி, பொழுது இறங்கும் நேரத்தில் இறங்குவார்கள். அந்த ஆண்டு முதலில் இறங்க வேண்டியவள் பாக்கியம். பால்மரம் வெட்டி ரப்பர்ப் பால் எடுக்கிறவள், எங்கள் தோட்டத்திலேயே பிறந்தவள். அவளுக்குப் பிரசவம் சிக்கலாகி, கொடி சுற்றிக்கொண்டு குழந்தை மூச்சில்லாமல் பிறந்தது. மிஸ்ஸி அதன் முதுகைத் தட்டித் தட்டி அழவைத்தார். பிழைத்தால் பிள்ளையோடு தீயில் இறங்குகிறேன் என்று பாக்கியம் நேர்ந்துகொண்டிருந்தாள். தணல் தயாராகி, மஞ்சள் புடவையோடு, இடுப்பில் பிள்ளையோடு அவள் குழியின் முன்னால் வந்து நின்றாள். பூசாரி கையைத் தூக்கினார். மழை கொட்டியது. தணலெல்லாம் புஸ்ஸென்று அணைந்து, குழியில் கறுப்புத் தண்ணீர் நின்றது.

அடுத்த நாளே பேச்சு கிளம்பிவிட்டது. அம்மன் அவள் நேர்த்தியை ஏற்கவில்லை என்றார்கள். அவளிடம் ஏதோ குறை என்றார்கள். பிள்ளை ராசியில்லாதது என்றார்கள். மாமியார் பிள்ளையைத் தொடுவதை விட்டாள். காலையில் பெரட்டுக் களத்தில் ஆள் கணக்கு எடுக்கும்போது மற்றப் பெண்கள் அவளுக்குப் பக்கத்தில் நிற்காமல் ஓரடி தள்ளி நிற்பதை நானே பார்த்தேன். அவள் தலை நிமிர்வதே இல்லை. ஆஸ்பத்திரிக்குப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்து, "மிஸ்ஸி, நான் என்ன தப்பு செஞ்சேன்?" என்று கேட்டாளாம். அன்றைக்கு மிஸ்ஸி ஆபீசுக்குக் கோபத்தோடு வந்ததை நான் மறக்க மாட்டேன்.

"சித்திரையில சாயங்காலம் மழை வரும்னு கோழிக்குக்கூடத் தெரியும். அதுக்கு இந்தப் பிள்ளை மேல பழியா? மழைக்கு யார் மேலயும் கோபம் கிடையாது கிராணியாரே. கோபமெல்லாம் நம்மகிட்டதான் இருக்கு" என்றார். பிறகு மேசையைத் தட்டிச் சொன்னார்: "வர்ற வருஷம் அவ இறங்குறா. அதுக்கு நான் ஆச்சு."

மழையை நிறுத்த யாரால் முடியும்? அதை மிஸ்ஸியும் அறிவார். எப்போது வரும் என்பதை முன்கூட்டித் தெரிந்துகொண்டால் போதும், தீயை அதற்கு முன்போ பின்போ வைத்துக்கொள்ளலாம் என்பது அவர் எண்ணம். ஆனால் எங்கள் தோட்டத்துக்கும் மலைக்கும் நடுவே ஒரு குன்று மறைத்துக்கொண்டு நிற்கிறது. மேகம் குன்றுக்கு மேலே தலைகாட்டிய பிறகு நமக்குக் கிடைப்பது கட்டையை அள்ளி வைக்கக்கூடப் போதாத அவகாசம்தான். குன்றின் அந்தப் பக்கத்துப் பள்ளத்தாக்கில் என்ன கிளம்புகிறது என்பதை அங்கே இருக்கிறவர்கள்தான் பார்க்க முடியும். பள்ளத்தாக்கின் வாயில், குன்று மறைக்காத இடத்தில், ஆ மூய் என்ற சீனப்பெண் காய்கறித் தோட்டம் வைத்திருந்தாள். அவளுக்கும் பிரசவம் பார்த்தவர் மிஸ்ஸிதான். ஒரு ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசை முடிந்து சைக்கிளில் அங்கே போய், அவள் வீட்டுக்குப் பின்னால் நெட்டையாக ஒரு மூங்கில் கம்பத்தை நட்டுவிட்டு வந்தார். பள்ளத்தாக்கில் மழை இறங்கினால் ஆ மூய் கம்பத்தில் சிவப்புத் துணியை ஏற்ற வேண்டும். தண்ணீர்த் தொட்டி மேட்டில் நின்றால் அது நமக்குத் தெரியும். அவர்கள் இருவரும் பேசிக்கொண்டது மலாயும் கையசைப்பும் கலந்த ஒரு பாஷை. "ஹுஜான் மாரி, காயின் நாயேக்!" மழை வந்தால் துணி ஏறும். அவ்வளவுதான் ஒப்பந்தம்.

திட்டம் நன்றாகத்தான் வேலை செய்தது. அடுத்த சித்திரை பிறக்கும்வரை அப்படித்தான் எல்லோரும் நினைத்திருந்தோம். திருவிழாவுக்கு முந்திய வாரம், காலையில் பால் வெட்டிக்கொண்டிருக்கும் நேரத்தில் சிவப்புத் துணி ஏறியது. காலையில் மழையா என்று மிஸ்ஸிக்கே ஆச்சரியம். இருந்தாலும் சைக்கிளில் பறந்துபோய்த் தீம்பார் என்கிற ரப்பர்க்காடு முழுக்கக் கத்தினார். பால் வடிய மரத்தில் மாட்டிய மங்குகளில் மழைத்தண்ணீர் விழுந்தால் பால் பாழாகிவிடும் என்று பெண்கள் பால் வடிந்து முடியும் முன்பே அவசர அவசரமாக எடுத்துக்கொண்டு ஓடி வந்தார்கள். பாதிப் பால் மரத்திலேயே நின்றுபோனது. மழை? ஒரு சொட்டு இல்லை. துரை வானத்துக்கும் பூமிக்கும் குதித்தார். மதியம் மிஸ்ஸி ஆ மூய் வீட்டுக்குப் போய்ப் பார்த்தால், அவளுடைய மாமியார், நல்ல உயரமான கம்பமாக இருக்கிறதே என்று பேரப்பிள்ளையின் சிவப்புப் போர்வையைத் துவைத்து அதில் காயப்போட்டிருக்கிறாள்.

அன்று மாலை முழுத் தோட்டமும் சிரித்தது. மிஸ்ஸியும்தான் சிரித்தார். பாக்கியம் ஒருத்திதான் சிரிக்கவில்லை. திருவிழாவுக்கு ஒரு வாரம்கூட இல்லை. இனி மிஸ்ஸி பேச்சை யார் கேட்பார்கள் என்பது அவளுக்குப் புரிந்துவிட்டது.

கமிட்டிக் கூட்டம் நடந்தது. மிஸ்ஸி வந்து வாசலில் நின்று கேட்டார்: அன்றைக்குக் கம்பத்தில் துணி ஏறினால் தீ வைக்காமல் பொறுக்க வேண்டும், மழை வந்து போன பிறகு வைக்க வேண்டும். முத்தையா பூசாரி எழுந்துவிட்டார். நல்ல மனிதர், ஆனால் குரல் மட்டும் எப்போதும் உடுக்கை அடித்த மாதிரி இருக்கும்.

"மாதா கோயிலுக்குப் போற வேதக்காரப் பொம்பளைக்கு எங்க அம்மன் காரியத்துல என்ன வேலை?"

"மழைக்கு வேதமெல்லாம் தெரியுமா பூசாரியாரே? உங்க கோயில் கூரையும் ஒழுகுது, எங்க கோயில் கூரையும் ஒழுகுது."

"போன வாரம் போர்வை காஞ்சதுக்கு மழைன்னு சொன்னீங்களே, அதே மாதிரிதான இதுவும்?"

கூட்டம் சிரித்தது. மிஸ்ஸி வாசலிலிருந்து ஓரடி உள்ளே வந்தார். "சரி. இனிமே சிவப்புத் துணி இல்லை. என்னோட ஈஸ்டர் புடவையை ஆ மூய்கிட்ட கொடுக்கப் போறேன். வெள்ளைப் பட்டு. அதை யாரும் துவைச்சுக் காயப்போட மாட்டாங்க" என்றார். சிரிப்பு நின்றது. அந்தப் புடவையை எல்லோரும் அறிவார்கள். அவரிடம் இருந்த ஒரே பட்டு அது. ஆண்டுக்கு ஒருமுறைதான் பெட்டியிலிருந்து வெளியே வரும். அன்றைக்குத் தீர்மானம் எதுவும் ஆகவில்லை. ஆனால் மறுநாள் பூசாரி என்னிடம் வந்து, கட்டையை மூடிவைக்க ஸ்டோரிலிருந்து தகரம் கிடைக்குமா என்று கேட்டார். நான் துரையிடம் கேட்டு வாங்கிக் கொடுத்தேன். குழியைச் சுற்றி நல்ல ஆழமாகக் கான் வெட்டி, தண்ணீர் ஆற்றுப்பக்கம் ஓடும்படி வழியும் செய்தோம்.

திருவிழா நாள் வந்தது. அப்படி ஒரு வெயிலை நான் பார்த்ததில்லை. கரகம் ஆற்றிலிருந்து வந்துவிட்டது. தப்பு முழங்கியது. பக்கத்துத் தோட்டங்களிலிருந்தெல்லாம் ஜனம். பாக்கியம் மஞ்சள் புடவையில், பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்து நின்றாள். அவளுக்குப் பக்கத்தில் ஒருவரும் நிற்கவில்லை. பூசாரி கற்பூரத்தைக் கையில் எடுத்தார். அப்போது தொட்டி மேட்டிலிருந்து மிஸ்ஸி கத்திக்கொண்டே ஓடி வந்தார். "ஏறிருச்சு! வெள்ளை ஏறிருச்சு! தீ வைக்காதீங்க!"

எல்லோரும் அண்ணாந்து பார்த்தார்கள். நீல வானம். கண் கூசியது. கூட்டத்தில் ஒருவன், "இன்னைக்கு எந்தப் பிள்ளையோட போர்வைலா?" என்றான். பூசாரி என்னைப் பார்த்தார். "செயலாளர் நீங்க. சொல்லுங்க கிராணியாரே. வைக்கவா, வேண்டாமா?"

மிஸ்ஸி சொன்னதில் பாதி பலிக்காது என்பது என்னைவிட யாருக்குத் தெரியும்? பொறுக்கச் சொல்லி மழை வராவிட்டால் தீமிதி இருட்டில் இழுபடும், வெளியூர் ஜனம் கலைந்துவிடும், அந்தப் பழியும் பாக்கியத்தின் தலையில்தான் விழும். வைக்கச் சொல்லி மழை வந்தால் கேட்கவே வேண்டாம். நான் பாக்கியத்தைப் பார்த்தேன். ஓராண்டாகத் தலை நிமிராதவள் அன்றைக்கு நிமிர்ந்து பேசினாள். "நான் நிக்கிறேன் கிராணி ஐயா. எவ்வளவு நேரம் ஆனாலும் நிக்கிறேன். மிஸ்ஸி சொன்னாச் சரி."

"பொறுப்போம்" என்றேன்.

கட்டையைத் தகரத்தால் மூடிவிட்டுப் பொறுத்தோம். வெயில் அடித்துக்கொண்டே இருந்தது. தப்பு அடிப்பவர்கள் களைத்து உட்கார்ந்துவிட்டார்கள். ஐஸ் தண்ணீர் விற்கிறவனுக்கு மட்டும் நல்ல வியாபாரம். சிலர் எழுந்து போகத் தொடங்கினார்கள். பூசாரி கற்பூரத்தட்டோடு என்னையே முறைத்துக்கொண்டிருந்தார். மிஸ்ஸி குன்றை மட்டும் பார்த்துக்கொண்டு, உதட்டை அசைத்துக்கொண்டிருந்தார். ஜெபம் செய்கிறார் என்று நினைத்தேன். பக்கத்தில் போனபோதுதான் கேட்டது. "வந்துரு, வந்துரு, இன்னைக்கு மட்டும் தாமதம் பண்ணாம வந்துரு" என்று மழையிடம் கெஞ்சிக்கொண்டிருந்தார்.

முதலில் அந்தக் குளிர்ந்த காற்று வந்தது. எனக்கு அதைத் தெரியும். நான்தான் முதலில் கத்தினேன்: "எல்லாரும் புகைக் கொட்டகைக்குள்ள ஓடுங்க!" ரப்பர் ஷீட்டைப் புகைபோட்டுக் காயவைக்கும் அந்தக் கொட்டகைதான் பக்கத்தில் இருந்த கெட்டியான கட்டிடம். குன்றின் தலைக்குமேல் கறுப்பு எழுந்தது. இலைகள் வெளுத்து வரிசை வரிசையாக ஓடிவந்தன. கரகத்தைத் தூக்கிக்கொண்டு பூசாரி ஓட, பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு தாய்மார்கள் ஓட, கடைசி ஆள் கொட்டகைக்குள் நுழையவும் காற்று பந்தலைப் பெயர்த்து எடுத்துப் ஆற்றுக்கு அந்தப் பக்கம் வீசவும் சரியாக இருந்தது. அப்படி ஒரு மழையை அதற்கு முன்னும் பின்னும் நான் பார்த்ததில்லை. மின்னல் விழுந்து கோயிலுக்குப் பின்னால் இருந்த பெரிய மரம் இரண்டாகப் பிளந்தது. நாங்கள் பந்தலுக்கடியில் நின்றிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று ஒவ்வொருவர் முகத்திலும் தெரிந்தது. கொட்டகை வாசலில் மிஸ்ஸி ஒருவர் மட்டும் நின்று, ஒவ்வொரு இடிக்கும் கைதட்டிக்கொண்டிருந்தார்.

மழை வந்த வேகத்தில் போய்விட்டது. வானம் கழுவிவிட்டதுபோல் ஆனது. பூசாரி ஓடிப்போய்த் தகரத்தைத் தூக்கிப் பார்த்தார். கட்டையைத் தொட்டார், தட்டினார், எடுத்துக் கன்னத்தில் வைத்துப் பார்த்தார். "காஞ்சிருக்கு! அம்மா தாயே, எலும்பு மாதிரி காஞ்சிருக்கு!" அந்தக் குரல் ஈப்போ வரைக்கும் கேட்டிருக்கும். கான் வழியே தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது, குழியில் ஒரு துளி இல்லை. தீ வைத்தார். ஒருவரும் ஊர் திரும்பவில்லை. விளக்கு வைக்கும் நேரம் தாண்டித் தணல் செக்கச்செவேலென்று பரந்து கிடந்தபோது, பாக்கியம் பிள்ளையை மார்போடு அணைத்துக்கொண்டு முதலில் இறங்கினாள். ஓடவில்லை, நடந்தாள். அக்கரையில் அவள் காலை வைத்ததும் "மாரியாத்தா!" என்று எழுந்த குரலில் எனக்கு உடம்பு சிலிர்த்தது. ஓராண்டாகத் தொடாத மாமியார் கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஓடி வந்து, பிள்ளையை வாங்கி முத்தமிட்டாள். நான் அழுதேன். பூசாரியும் அழுதார்.

மிஸ்ஸி ஓரமாக நின்று முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். "ஜெயிச்சுட்டீங்க மிஸ்ஸி, இப்ப எதுக்கு அழுகை?" என்றேன்.

"என் புடவை போச்சே கிராணியாரே" என்றார். அழுகையும் சிரிப்பும் கலந்து வந்தது.

நிஜமாகவே போய்விட்டது. மறுநாள் ஆ மூய் ஒரு கூடை கீரையோடு வந்து, காற்று புடவையைக் கம்பத்தோடு பிடுங்கிக் காட்டுக்குள் கொண்டுபோய்விட்டது என்று கையை விரித்தாள். அடுத்த ஈஸ்டருக்கு எங்கள் லயத்துப் பெண்கள் சேர்ந்து மிஸ்ஸிக்கு ஒரு வெள்ளைப் பட்டு எடுத்துக் கொடுத்தார்கள். அதை அவர் கட்டிக்கொண்டு போன பூசையில், மாதா கோயிலின் கடைசி வரிசையில் எங்கள் பெண்கள் மஞ்சள் புடவைகளாக உட்கார்ந்திருந்ததைப் பார்த்துச் சாமியார் பிரசங்கத்தை ஒரு கணம் மறந்துவிட்டாராம். சித்திரை வந்ததும் அந்தப் பட்டும் ஆ மூய் வீட்டுக்குத்தான் போனது, அங்கேயே தங்கியும்விட்டது. "நான் கட்டுறதைவிட அது மேல ஏறுறதுதான் அழகு" என்பார். அதற்குப் பிறகு எந்தச் சித்திரையிலும் எங்கள் பூக்குழி அணைந்ததில்லை. வெள்ளை ஏறாத ஆண்டு வழக்கமான நேரத்தில் வைப்போம், ஏறிய ஆண்டு பொறுப்போம். பக்கத்துத் தோட்டத்தார்கூட, தங்கள் திருவிழா நாளில் எங்கள் தொட்டி மேட்டுக்கு ஆள் அனுப்பத் தொடங்கிவிட்டார்கள்.

அடக்கத்துக்கு நானும் பூசாரியும் பாக்கியமும் ரயிலேறித் தைப்பிங்குக்குப் போனோம். அந்த ஊர் மழையைத் தெரிந்தவர்கள் என்பதால் மூன்று பேர் கையிலும் குடை. கல்லறைத் தோட்டத்தில் நாங்கள் நின்ற நேரம் முழுக்க வெயில். நாலு மணி அடித்தது. ஒரு தூறல்கூட இல்லை. மிஸ்ஸியின் தம்பி, இன்றைக்குக் காப்பிக்கடையில் அத்தனை பேரும் மழை வரும் என்றுதான் கட்டியிருப்பார்கள், தோற்றிருப்பார்கள் என்றார். பூசாரி குடையை மடக்கி மடக்கி விரித்துக்கொண்டிருந்தார். நாங்கள் திரும்பி ரயிலில் ஏறி, வண்டி நகர்ந்ததும் கொட்டியது பாருங்கள் மழை! ஜன்னலை மூட முடியவில்லை. பூசாரி நனைந்துகொண்டே சொன்னார்: "வரும்னுதானே சொன்னாங்க, எப்போன்னு சொன்னாங்களா?" அந்த வண்டியில் நாங்கள் மூன்று பேரும் சிரித்த சிரிப்பைப் பார்த்தவர்கள், இவர்கள் கல்யாணத்துக்குப் போய் வருகிறார்கள் என்றுதான் நினைத்திருப்பார்கள்.

இந்தச் சித்திரைத் திருவிழா அவர் இல்லாமல் வந்தது. நேற்றுத்தான் முடிந்தது. தொட்டி மேட்டில் யாரை நிறுத்துவது என்று கமிட்டியில் பேச்சு வந்தபோது பாக்கியம், "நான் நிக்கிறேன்" என்றாள். துணி ஏற்றச் சொல்லி ஆ மூயிடம் யாரும் போய்ச் சொல்லவில்லை. இனி அவளுக்கு என்ன வந்தது, ஏற்றுவாளா என்று எனக்கு உள்ளூரச் சந்தேகம். கரகம் வந்தது. பூசாரி கற்பூரத்தை எடுத்தார். மேட்டிலிருந்து பாக்கியம் கத்தினாள்: "வெள்ளை ஏறிருச்சு!" நான் வாயைத் திறப்பதற்குள், அன்றைக்கு வேதக்காரப் பொம்பளைக்கு என்ன வேலை என்று கேட்ட அதே பூசாரி, தட்டைக் கீழே வைத்துவிட்டு உடுக்கைக் குரலில் முழங்கினார்: "யாரும் தீ வைக்காதீங்க! மிஸ்ஸி சொல்லிட்டாங்க!"

ஜனம் முணுமுணுக்காமல் புகைக் கொட்டகைக்குள் போனது. நானும் போய் வாசலோரம் நின்றேன். முதல் இடி இடித்தது. தகரக் கூரை அதிர்ந்தது. எனக்குப் பின்னால் யாரோ கைதட்டினார்கள். அடுத்த இடிக்குப் பத்துப் பேர். அதற்கடுத்த இடிக்குக் கொட்டகையே தட்டியது. மாமியார்கள், பிள்ளைகள், தப்பு அடிப்பவர்கள், வெளித்தோட்டத்து ஜனம், எல்லோரும்.

மிஸ்ஸியிடமிருந்து எனக்குப் பொருளாக எதுவும் வரவில்லை, நானும் கேட்கவில்லை. எனக்கு அவர் கொடுத்ததை நேற்றுக் கொட்டகை வாசலில்தான் கண்டேன். மேசைக்கடியில் கிடந்த இந்தக் கிராணி, கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு, மழை முகத்தில் அடிக்க, எல்லோருக்கும் முன்னால் நின்று, உள்ளங்கை சிவக்கச் சிவக்கக் கைதட்டிக்கொண்டிருந்தேன்.